பழைய டிஸ்க் டிராயரிலேயே இருக்கட்டும்

2003, 2004 வாக்கில் ஒரு கணினிக்குப் புது ஹார்ட் டிஸ்க் மாற்றுவது அரை நாள் வேலை. சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே பட்டையாக மடிந்து கிடக்கும் ஐடிஇ கேபிளை வெளியே இழுப்போம். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று சொல்ல டிஸ்கின் பின்புறம் ஜம்பர் இருக்கும். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் துண்டு. மூக்குக் குறடு கைவசம் இல்லையென்றால் நகத்தால்தான் பிடுங்க வேண்டும். அதை இடம் மாற்றிச் செருகிவிட்டால் இரண்டு டிஸ்குமே திரையில் தெரியாமல் போகலாம்.

"காப்பி பேஸ்ட் பண்ணினா வராதா தம்பி?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சி டிரைவில் கண்ணில் படும் கோப்புகள் அத்தனையையும் நகலெடுத்தாலும் புது டிஸ்கிலிருந்து கணினி எழாது. அதை எழுப்பும் நிரல் கோப்பாகவே இருப்பதில்லை; டிஸ்கின் முதல் 512 பைட்டில், எம்பிஆர் என்ற இடத்தில் இருக்கிறது. தவிர, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரி கோப்புகளைத் தொடவிடாது. ஆகவே கணினியை நிறுத்திவிட்டு, ஃபிளாப்பியில் பூட் செய்து கோஸ்ட்டை ஓடவிடுவோம். நியூசிலாந்தில் பிறந்து, 1998இல் சிமான்டெக் வாங்கிய பிறகு நார்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய மென்பொருள் அது.

அதன் திரை இரண்டே கேள்வி கேட்கும். மூல டிஸ்க் எது? சேரும் டிஸ்க் எது? விரல் அங்கேதான் நடுங்கும்.

நான் வேலை பழகிய கடையில் ஒரு மாலை, ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கணினி வந்தது. பழசும் 40 ஜிபி, புதுசும் 40 ஜிபி, இரண்டும் ஒரே கம்பெனி. திரையில் இரண்டு வரிகளும் ஒரே மாதிரி தெரிந்தன. வெற்று டிஸ்கை மூலமாக எண்ணி எண்டர் தட்டிவிட்டார் மூத்தவர். பழைய டிஸ்கின் மேல் வெறுமை எழுதப்பட்டது. இரண்டு வருடக் கல்யாணப் படங்கள். ஸ்டுடியோக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தவர், கடை சாத்தும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. மறுநாளிலிருந்து எந்த டிஸ்க் வந்தாலும் முதல் வேலை, மேலே டேப் ஒட்டி மார்க்கரில் 'பழசு' என்று எழுதுவது. குளோன் முடிந்ததும் பழசைக் கழற்றிவிட்டுத்தான் புதுசை முதன்முறை பூட் செய்வோம். பழசைத் துணியில் சுற்றி டிராயரில் வைத்து, ஒரு மாதம் தொடமாட்டோம்.

இன்று எம்.2 எஸ்எஸ்டி 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். கேபிள் இல்லை, ஜம்பர் இல்லை, ஒரே ஒரு ஸ்க்ரூ. அதுவும் கீழே விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது தனிப் பாடு. லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்லாட்தான் என்பதால், புதுசை யுஎஸ்பி உறையில் போட்டு வெளியே மாட்டுகிறோம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகல் எடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பூட் செய்து எடுப்பதானால் தைவானில் உருவான குளோன்சில்லா இலவசமாகவே கிடைக்கிறது. மணிக்கணக்கு நிமிடக்கணக்காகிவிட்டது. ஒருமுறையாவது கோஸ்ட்டின் சதவீதக் கோட்டை முறைத்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இந்த நிம்மதியின் அருமை தெரியும்.

ஆனாலும் எனக்குக் கவலை குறையவில்லை. இப்போதைய கணினிகள் பூட் ஆகத் தேவையானது சி டிரைவில் மட்டும் இல்லை. இஎஃப்ஐ என்ற மறைவான சிறு பார்ட்டிஷனிலும் இருக்கிறது. பல கணினிகளில் 100 எம்பிதான். சி டிரைவை மட்டும் நகலெடுத்துவிட்டு, எழவில்லையே என்று தவிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். முழு டிஸ்கையும் குளோன் செய்தால் இந்தத் தொல்லை தீரும்.

அதைவிடப் பெரியது பூட்டு. அன்று கணினி செத்தாலும், டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பெரும்பாலும் படங்களை எடுத்துவிடலாம். இன்று பல விண்டோஸ் 11 கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததுமே டிஸ்க் குறியாக்கம் ஆகிவிடுகிறது. சொந்தக்காரருக்கே அது தெரிவதில்லை. டிஸ்க் மாற்றி முதல்முறை எழும்போது நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் திகைத்துப் போகிறார்கள். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். கணக்கின் பாஸ்வேர்டு மறந்து, பழைய மொபைல் நம்பரும் போயிருந்தால், எந்தக் கெட்டிக்காரக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. அன்று இழப்பு கை தவறியதால் வந்தது. இன்று சாவி எங்கே என்று தெரியாததால் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளோன் முடிந்த அன்றே பழசை ஃபார்மேட் செய்து 'எக்ஸ்ட்ரா ஸ்டோரேஜ்' ஆக்கிக்கொள்ளும் அவசரம் இப்போது அதிகம். புது எஸ்எஸ்டியில் பழுது இருந்தால் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிட வாய்ப்புண்டு. ஹார்ட் டிஸ்க் போவதற்கு முன் பல சமயம் டக் டக்கென்று சத்தம் கொடுக்கும்; எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாம்.

எனவே மாற்றப் போகிறவர்கள், ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன் அந்த 48 இலக்கத்தைத் தேடி எடுத்து, ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். முக்கியமான படங்களுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பழைய டிஸ்கில் டேப் ஒட்டித் தேதி எழுதி, ஒரு மாதம் டிராயரிலேயே விட்டுவையுங்கள்.