ஒட்டினால் விடாது

தெளித்த சில வினாடிகளில் இறுகும் பூச்சு அது. எடுக்க முனைந்தால் வண்டியின் தகட்டோடு வேலை செய்பவரின் நுரையீரலும் அடிபடுகிறது.

அமெரிக்காவில் பிக்கப் வண்டி ஒரு வேலைக்காரன். விவசாயி, தச்சர், பிளம்பர் என்று எல்லோருக்கும் அது தேவை. ஃபோர்டின் எஃப் வரிசைதான் 1977லிருந்து அங்கே அதிகம் விற்கும் பிக்கப். செங்கல், கருங்கல், இரும்புக் குழாய் என்று எது விழுந்தாலும் தாங்கவேண்டிய அதன் பின்புறத் தொட்டிக்கு ஒரு கவசம் வேண்டியிருந்தது. அதற்காகவே 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவியது தெளிக்கும் பிளாஸ்டிக் பூச்சு.

செய்முறை எளிது. ஐசோசயனேட் ஒரு பக்கம், ரெசின் இன்னொரு பக்கம். இரண்டையும் சூடாக்கி, கடும் அழுத்தத்தில் துப்பாக்கியின் முனையில் கலந்து பீய்ச்சுகிறார்கள். சில வினாடிகளில் பாலியூரித்தேனோ பாலியூரியாவோ ஆகி இறுகிவிடுகிறது. கனம் சுமார் 3 மில்லிமீட்டர். பிடிமானத்துக்காக, பழைய பெயின்ட் மீது முன்கூட்டியே உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி விடுகிறார்கள்.

வில்லங்கம் பிறகுதான். ஓரத்தில் சிறு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் புகுந்துவிடும். பனி உறையும் மாநிலங்களில் சாலையில் கொட்டும் உப்பும் கூடவே புகும். மேலே கவசம் முழுசாகத் தெரியும். அடியில் தகடு துருப்பிடித்துக்கொண்டிருக்கும். வெல்டிங் வைக்கவேண்டுமென்றால் பூச்சு போயாகவேண்டும்.

ஆனால் அது லேசில் போகாது. மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிக்கொண்டிருப்பதால் மெழுகைப்போல உருகாது. பெட்ரோலிலோ தின்னரிலோ கரையாது. ஹீட் கன்னால் சூடு காட்டி இளக்கி, உளியால் நெம்பி, கீற்றுக் கீற்றாக உரிப்பதுதான் வழக்கமான வழி. ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. பொறுமை இழந்து சூட்டைக் கூட்டினால் பூச்சு கருகும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். இறுகிய பூச்சில் அடங்கிக் கிடந்த ஐசோசயனேட்டும் வெளிப்படும். போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டுக்கு இது தூரத்து உறவு. அதைப்போல எளிதில் ஆவியாகி ஊரைச் சூழ்ந்துவிடாது. ஆனால் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளிக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் தேய்க்கலாம். ஆனால் மெல்லிய தகடு சூடேறி நெளியும். எஃப்-150 வண்டிகளின் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியம் என்பதால் உளி பட்டாலே வடு விழும். மணலைப் பீய்ச்சும் சாண்ட் பிளாஸ்டிங் வேகமானது. அதன் சிலிக்கா தூசியோ நுரையீரலைக் கல்லாக்குவது. அதற்கு மணலைப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1974லேயே பரிந்துரைத்தது. நொறுக்கிய கண்ணாடியும் கார்னெட்டும் மாற்றுகள். அவற்றுக்கும் முகமூடி கட்டாயம்.

எல்லாவற்றையும்விட வசதியானதாகத் தெரிந்தது மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் நீக்கி. பூசிவிட்டுக் காத்திருந்தால் பூச்சு ஊதிக் கிளம்பும். ஆனால் சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் திரவம் அது. ஆவியோ காற்றைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. எனவே தொட்டிக்குள் குனிந்து வேலை செய்பவரின் முகத்தருகே தேங்கி நிற்கும். சுவாசித்தவரை முதலில் மயக்கும். உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். கதவடைத்த கராஜில் இது மரணத்தில் முடியலாம்.

கற்பனை பயமல்ல. 1980க்குப் பிறகு இந்த ரசாயனத்தால் குறைந்தது 88 பேர் இறந்திருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பே கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பலர் வீடுகளில் குளியல் தொட்டிக்கு மெருகேற்றப் போன தொழிலாளர்கள். அதுவும் ஒரு தொட்டிதான். குனிந்து செய்கிற வேலைதான். பொதுமக்களுக்கு இத்தகைய பெயின்ட் நீக்கி விற்பதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2009லேயே முடிவெடுத்தது. அமெரிக்கா அதே முடிவுக்கு வர 2019 ஆயிற்று. பெரும்பாலான தொழில் உபயோகங்களையும் படிப்படியாக நிறுத்தும் விதி 2024ல்தான் வந்தது. 

விவரமறிந்த பட்டறைக்காரர்கள் முழுப் பூச்சையும் எடுக்க முனைவதில்லை. துருப்பிடித்த இடத்தை மட்டும் சுரண்டி, தகட்டைச் சரிசெய்து, அங்கே மட்டும் மறுபூச்சு கொடுக்கிறார்கள். சேதம் அதிகமென்றால் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்திலிருந்து வேறு தொட்டி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான பிக்கப்களில் தொட்டி சட்டத்தோடு போல்ட் போட்டுத்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றினால் தொட்டி முழுசாக வந்துவிடும். பூச்சுதான் வராது.