'ரன்' என்னும் ஆங்கிலச் சொல்: பல பொருள்களும் ஒத்த சொற்களும்

'ரன்' என்பது ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் வினைச்சொற்களுள் ஒன்று. பெயர்ச்சொல்லாகவும் வரும். 'ஓடு' என்பது நம் பிள்ளைகள் தொடக்க வகுப்பில் கற்கும் முதற்பொருள். பெரும்பாலோர் அந்த ஒரு பொருளோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களைச் சுமக்கும் சொல் எது என்ற கேள்விக்கு இன்று சொல்லப்படும் விடையும் இதுவே.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989ஆம் ஆண்டு வெளிவந்தபோது 'செட்' என்னும் சொல் சுமார் 430 பொருள்களுடன் முதலிடத்தில் இருந்தது. பின்னர் மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியலாளர் 'ரன்' என்ற சொல்லுக்காக மட்டும் ஒன்பது மாதங்களுக்கு மேல் செலவிட்டார். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் என்று 2011இல் தெரியவந்தது.

இந்த எண்ணைக் கண்டு மாணவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இவை 645 தனித்தனிச் செய்திகள் அல்ல. ஒரு தடத்தில் இடைவிடாமல் நகர்ந்துகொண்டே இருப்பது என்ற ஒரே கருத்திலிருந்து பெரும்பாலானவை கிளைத்தவை. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல் சொல்லிவிடும். பல பொருள் ஒரு சொல்லைப் பற்றித் தொல்காப்பியம் சொல்லதிகாரம் பேசும்போது வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளியும் என்று கூறுகிறது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா பாய்ந்தது' என்றால் குதிரை. 'ரன்' என்ற சொல்லுக்கும் இதே வழியைக் கையாளலாம். ஓடுவது எது, அதை ஓட்டுபவர் உண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பாதிப் பொருள் விளங்கிவிடும்.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முன்வடிவம் 'ரின்னன்'. நீர் ஓடுவது, உயிர்கள் ஓடுவது இரண்டையும் அது குறித்தது. இதன் உறவுச்சொற்கள் இன்றைய ஜெர்மன் மொழியில் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. 'ரின்னென்' என்றால் நீர் ஒழுகுவது. 'ரென்னென்' என்றால் காலால் ஓடுவது. ஆகவே ஆறு ஓடுகிறது என்பது பிற்காலத்துக் கவிஞர் யாரோ கற்பனையாகச் சொன்னதன்று. காலோட்டத்தைப் போலவே அதுவும் பழம்பொருள்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். தமிழில் 'ஓடு' என்பது வினையாகவும் வரும், கூரை ஓடு, ஆமை ஓடு என்று பெயராகவும் வரும். இவை ஒலியில் ஒன்றுபட்ட வெவ்வேறு சொற்கள். ஆற்றங்கரையைக் குறிக்கும் 'பேங்க்', பணம் போடும் 'பேங்க்' ஆகிய இரண்டையும் ஆங்கில அகராதிகள் தனித்தனிச் சொற்களாகவே பதிவு செய்கின்றன. 'ரன்' அப்படியன்று. அது ஒரே சொல், பொருள்தான் பல.

ஓடுவதும் ஓட்டுவதும்

தமிழ் மாணவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. நம் 'ஓடு' என்ற வினையும் ஏறக்குறைய இதே பாதையில் வெகுதூரம் வந்திருக்கிறது. வண்டி ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, தண்ணீர் ஓடுகிறது, எண்ணம் ஓடுகிறது என்கிறோம். எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' வரும். படம் நூறு நாள் ஓடியது என்பதும் அவ்வாறே. லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் 1952இல் தொடங்கி, 2020இல் பெருந்தொற்றால் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு மீண்டும் மேடையேறியது. இத்தகைய நெடிய தொடர்ச்சிக்கு ஆங்கிலத்தில் 'லாங் ரன்' என்று பெயர். 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தைப் பற்றி நாம் சொல்வதும் 'ஓடியது' என்றே.

சிக்கல் எங்கே வருகிறது என்றால் தன்வினை, பிறவினையில். தமிழில் தானே நிகழ்ந்தால் 'ஓடு'. ஒருவர் நிகழ்த்தினால் 'ஓட்டு'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' ஒன்றே. நாம் 'ஓட்டு' என்று சொல்லும் இடமெல்லாம் 'ரன்' பொருந்தும் என்று எண்ணிக்கொண்டு, கார் ஓட்டுகிறார் என்பதற்கு இச்சொல்லைப் போடும் மாணவர் உண்டு. அங்கே வர வேண்டியது 'டிரைவ்'. 'ரன் எ கார்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், சொந்தமாகக் கார் வைத்துப் பராமரிக்கிறார், பெட்ரோலுக்கும் பழுதுக்கும் செலவழிக்கிறார் என்று பொருள். ஒரு நிறுவனம் பேருந்துகளை 'ரன்' செய்கிறது என்றால் போக்குவரத்துச் சேவை நடத்துகிறது என்று பொருள். ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் ஓட்டுநர்தான்.

கடை, பள்ளி, அலுவலகம் ஆகியவற்றோடு வந்தால் 'நடத்து' என்பதே சரியான தமிழ். கணினி நிரலோடு வந்தால் 'இயக்கு'. (கடை நன்றாக ஓடுகிறது என்றால் வியாபாரம் உண்டு, கடையில் ஈ ஓட்டுகிறார் என்றால் வியாபாரமே இல்லை. நம் மொழியும் ஆங்கிலேயருக்கு இப்படிச் சில குழிகளை வெட்டி வைத்திருக்கிறது!)

இன்னும் சில இடங்களில் 'ஓடு' என்பதை முழுவதுமாகக் கைவிட வேண்டும். ஒருவர் 'டெம்பரேச்சர் ரன்' செய்கிறார் என்றால் அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது. மூக்கோடு வந்தால் ஒழுகுகிறது. துணியின் நிறத்தோடு வந்தால் சாயம் போகிறது. ஒப்பந்தத்தோடு வந்தால் அது நடப்பில் இருக்கும் காலத்தைச் சுட்டும். குணமோ நோயோ ஒரு குடும்பத்தில் 'ரன்' செய்கிறது என்றால் பரம்பரையாக வருகிறது என்று பொருள்.

பெயர்ச்சொல்லாக வரும்போது

கிரிக்கெட்டில் 'ரன்' என்பதற்கு இலங்கைத் தமிழ் இதழ்கள் 'ஓட்டம்' என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டில் 'ரன்' என்ற வடிவமே பெருவழக்கு. இரு முனைகளுக்கு இடையே மட்டையாளர்கள் ஓடிக் கடந்ததால் வந்த பெயர் இது. தொடக்க காலத்தில் கணக்கெழுதுபவர் ஒரு குச்சியில் வெட்டுக்குறி இட்டு எண்ணியதால், வெட்டுக்குறி என்று பொருள்படும் 'நாட்ச்' என்பதும் வழங்கியது. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் மட்டையாளர் நின்ற இடத்திலேயே நான்கு 'ரன்' பெறுகிறார். ஓட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வங்கியோடு வரும் 'ரன்' கவனமாக மொழிபெயர்க்க வேண்டியது. 'வங்கி ஓட்டம்' என்று எழுதினால் வங்கிக்காரர்கள் பணத்தோடு ஓடிவிட்டார்கள் என்றே படிப்பவர் நினைப்பார். உண்மையில் ஓடுபவர்கள் வாடிக்கையாளர்கள். வங்கி விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்பதே 'பேங்க் ரன்'. வைப்புத்தொகையின் பெரும்பகுதியை வங்கி கடனாகக் கொடுத்திருக்கும். அதனால் நல்ல நிலையிலுள்ள வங்கியும் இதில் சாய்ந்துவிடக்கூடும். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றனர். இம்முறை பெரும்பாலும் இணையம் வழியாக. மறுநாள் வங்கி மூடப்பட்டது. 'வங்கியில் பணமெடுக்கக் குவிதல்' என்பது போல விரித்து எழுதுவதே தெளிவு. சொல் நீண்டாலும் பொருள் மாறாது.

ஒத்த சொற்கள்

தேர்வுக்காக மாணவர்கள் ஒத்த சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியலில் தவறில்லை. ஆனால் 'ரன்' என்பதற்கு எதிரே 'ஸ்பிரின்ட்', 'மேனேஜ்', 'ஃப்ளோ' மூன்றையும் ஒரே வரியில் எழுதிப் படிப்பதால் பயனில்லை. 'மேனேஜ்' என்பது கடை நடத்தும் 'ரன்'னுக்கு உரியது, ஆற்றுக்கு ஆகாது. 'ஃப்ளோ' ஆற்றுக்கு உரியது, கடைக்கு ஆகாது. ஹோட்டலை ஒருவர் 'ஸ்பிரின்ட்' செய்கிறார் என்று எழுதினால் திருத்துபவர் சிரித்துவிடுவார். முதலில் பொருளைப் பிரித்துக்கொண்டு, பிறகு அந்தந்தப் பொருளுக்கு உரிய சொற்களைத் தேட வேண்டும். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட புகழ்பெற்ற சொற்களஞ்சியம் அகரவரிசையில் அல்லாமல் கருத்துவாரியாக அமைந்தது. நம் நிகண்டுகளும் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி பிரித்துவிட்டு, ஒருசொற் பல்பொருளுக்குத் தனித் தொகுதி வைத்தன.

காலால் ஓடும் பொருளுக்குள்ளேயே சொற்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. 'ஸ்பிரின்ட்' என்பது குறைந்த தூரத்தை முழு வேகத்தில் கடப்பது. நூறு மீட்டர் ஓட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 'ஜாக்' என்பது காலையில் உடற்பயிற்சிக்காக மெதுவாக ஓடுவது. 'டேஷ்' என்றால் ஏதோ அவசரத்தில் சட்டென்று ஓடுவது. மிரண்ட குதிரை பிய்த்துக்கொண்டு பாய்வது 'போல்ட்'. எலி குடுகுடுவென்று ஓடுவதற்கு 'ஸ்கரி'. 'ஃப்ளீ' என்பதற்கு ஆபத்திலிருந்து தப்பிச் செல்வது என்று பொருள். அதற்குக் கால் வேண்டும் என்பதில்லை, விமானத்தில் ஏறியும் தப்பலாம். நடத்துதல் என்ற பொருளில் 'மேனேஜ்', 'ஆபரேட்' இரண்டும் வரும். முன்னது ஆட்களையும் பணத்தையும் கவனிப்பது, பின்னது பெரும்பாலும் இயந்திரத்தையோ சேவையையோ இயக்குவது.

துணைச்சொல் சேர்ந்தால் பொருள் மேலும் விலகும். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது. சமையலறையில் சர்க்கரை தீர்ந்தாலும் இதுதான். 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, அல்லது மோதுவது. 'ரன் டவுன்' என்பது ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதையும் குறிக்கும், பேட்டரி தீர்வதையும் குறிக்கும். இவற்றைத் தனிச் சொற்களாகவே கருதிப் படிப்பது நல்லது.

நாட்டுக்கு நாடும் வழக்கு மாறுகிறது. காலுறையில் ஓர் இழை அறுந்து கோடாகப் பிரிந்தால் அமெரிக்கர் அதை 'ரன்' என்பார். பிரிட்டனில் அது 'லேடர்', அதாவது ஏணி. தேர்தலில் போட்டியிடுபவர் அமெரிக்காவில் 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்கிறார். நம் ஊர் வேட்பாளரும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்.