பிரிவுப் பட்டம் யாருக்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் விளையாட்டு என்று வந்துவிட்டால் பேச்சு இங்கிலாந்துக் காற்பந்தில்தான் போய் நிற்கும். இம்முறை ஒரு மாறுதலுக்காக அமெரிக்கக் காற்பந்தை எடுத்துக்கொண்டேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், இதற்குப் போய்க் காற்பந்து என்று பெயரா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால், ஒரு குழுவின் வெற்றி வாய்ப்பை முன்கூட்டியே எடைபோடப் பழகுவதற்கு இந்த ஆட்டம் நல்ல பயிற்சிக் களம்.

டிட்ராய்ட் லயன்ஸ் குழுவைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் 17 ஆட்டங்களில் 15இல் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டும் பட்டம் இவர்களுக்குத்தான் என்று யாருக்கும் சொல்லத் தோன்றும். ஆனால் 2025இல் அக்குழு 9 வெற்றி, 8 தோல்வியோடு பிளே ஆஃப் சுற்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. பட்டத்தைத் தட்டிச் சென்றது சிகாகோ பியர்ஸ். முந்தைய ஆண்டு 5 ஆட்டங்களில் மட்டுமே வென்று பிரிவில் கடைசியாக வந்த குழு அது! இது எப்படி நடந்தது?

பிரிவு என்றால் என்ன?

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். என்எஃப்எல் எனப்படும் தேசியக் காற்பந்து லீக்கில் 32 குழுக்கள். அவை 'கான்ஃபரன்ஸ்' என்ற இரு பாதிகளாகவும், ஒவ்வொரு பாதியும் நான்கு பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. ஆக 8 பிரிவுகள், பிரிவுக்கு 4 குழுக்கள். 2002 முதல் இதே ஏற்பாடுதான். லயன்ஸ், பியர்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ், மின்னசோட்டா வைக்கிங்ஸ் ஆகிய நான்கும் தேசியக் கான்ஃபரன்சின் வடக்குப் பிரிவு.

ஒரு கான்ஃபரன்சிலிருந்து 7 குழுக்கள் பிளே ஆஃப் சுற்றுக்குச் செல்லும். பிரிவுகளில் முதலிடம் பிடித்த நான்கு குழுக்களுக்கே முதல் நான்கு வரிசைகள். மீதி மூன்று இடங்கள்தான் மற்றவர்களுக்கு. பிரிவில் வெல்லாத குழு எத்தனை ஆட்டங்களில் வென்றிருந்தாலும் ஐந்தாம் இடத்துக்கு மேல் ஏற முடியாது.

இதன் அருமை வைக்கிங்ஸ் குழுவுக்குத் தெரியும். 2024 பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது லயன்ஸ், வைக்கிங்ஸ் இரண்டும் தலா 14 வெற்றி, 2 தோல்வி. 2025 ஜனவரி 5ஆம் தேதி நடந்த அந்த ஆட்டத்தில் லயன்ஸ் 31-9 என்று வென்றது. லயன்சுக்கு முதல் வரிசை, ஒரு வார ஓய்வு, சொந்தத் திடலில் ஆட்டம். 14 ஆட்டங்களில் வென்ற வைக்கிங்சோ ஐந்தாம் வரிசைக்குத் தள்ளப்பட்டு, 10 ஆட்டங்களில் மட்டுமே வென்ற லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்சை எதிர்த்து வெளித்திடலில் ஆடி, 27-9 என்று தோற்று வெளியேறியது. ஒரே இரவில் இவ்வளவு வேறுபாடு.

சரி, ஒரு குழுவின் வாய்ப்பை எப்படி எடைபோடுவது? நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

ஒன்று: சொந்தப் பிரிவில் எப்படி?

17 ஆட்டங்களில் 6 ஆட்டங்கள் சொந்தப் பிரிவின் மூன்று குழுக்களோடுதான். சொந்தத் திடலில் ஒன்று, வெளியே ஒன்று. இவற்றில் ஒரு வெற்றி இரண்டுக்குச் சமம். நம் கணக்கில் ஒன்று ஏறும்போது போட்டியாளர் கணக்கில் ஒரு தோல்வி ஏறுகிறது. இரு குழுக்கள் சமநிலையில் முடித்தால், தங்களுக்குள் மோதியதில் யார் வென்றார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அடுத்து பிரிவு ஆட்டங்களின் கணக்கு.

லயன்ஸ் 2024இல் இந்த 6 ஆட்டங்களையும் வென்றது. 2025இல் பியர்சை இருமுறையும் வீழ்த்தியது. ஆனால் பேக்கர்சிடமும் வைக்கிங்சிடமும் தலா இருமுறை தோற்றது. ஆறுக்கு ஆறு என்றிருந்த கணக்கு ஆறுக்கு இரண்டாகிவிட்டது. பட்டம் நழுவியதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

இரண்டு: அட்டவணை யாருக்குச் சாதகம்?

ஒரே பிரிவில் உள்ள நான்கு குழுக்களுக்கும் பெரும்பாலான எதிராளிகள் பொதுவானவர்கள்தாம். மூன்று ஆட்டங்கள் மட்டும் வேறுபடும். முந்தைய ஆண்டில் முதலிடம் பிடித்த குழு, வேறு பிரிவுகளில் முதலிடம் பிடித்தவர்களோடு மோத வேண்டும். கடைசி இடம் பிடித்த குழுவுக்குக் கடைசி இடத்தவர்கள். வென்றவனுக்குச் சுமை, தோற்றவனுக்குச் சலுகை.

2025இல் லயன்சுக்குக் கிடைத்த மூவர் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ், ராம்ஸ், தாம்பா பே பக்கனியர்ஸ். அதில் ஒன்றில்தான் வெற்றி. பியர்சுக்குக் கிடைத்தவர்கள் லாஸ் வேகாஸ் ரைடர்ஸ், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ். அதில் இரண்டில் வெற்றி. வேறுபாடு ஒரே ஒரு ஆட்டம்தான். ஆனால் 17 ஆட்டங்கள் மட்டுமே உள்ள பருவத்தில் ஒன்றும் சிறிதல்ல.

இதோடு சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. 2024இல் ஒரு குழுவுக்கு 25 கோடியே 54 லட்சம் அமெரிக்க டாலர். பணக்கார முதலாளி நினைத்தாலும் நட்சத்திர ஆட்டக்காரர்களை வாங்கிக் குவிக்க முடியாது. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பலவீனமான குழுவுக்கே முன்னுரிமை. அதனால்தான் இங்கே கீழே இருப்பவர் சீக்கிரம் மேலே வருகிறார். கிழக்குப் பிரிவில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2001 முதல் 2004 வரை தொடர்ந்து வென்ற பிறகு, 2024 வரை எந்தக் குழுவும் பட்டத்தை அடுத்த ஆண்டும் தக்கவைத்ததில்லை.

மூன்று: எவ்வளவு புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள்?

வெற்றி எண்ணிக்கை ஏமாற்றும். புள்ளி வித்தியாசம் அவ்வளவாக ஏமாற்றாது. 2022இல் வைக்கிங்ஸ் 13 ஆட்டங்களில் வென்று பட்டம் பெற்றது. ஆனால் பருவம் முழுவதும் அக்குழு எடுத்த புள்ளிகள் 424, கொடுத்த புள்ளிகள் 427. வெற்றிகளில் 11 ஆட்டங்கள் எட்டுப் புள்ளிக்குள் முடிந்தவை. அப்படி நெருக்கமாக முடிந்த ஆட்டம் ஒன்றில்கூட அவர்கள் தோற்கவில்லை. அதிர்ஷ்டக் காற்று ஆண்டுதோறும் ஒரே திசையில் வீசுமா? 2023இல் அதே குழு 7 வெற்றி, 10 தோல்வி. முதன்மை ஆட்டக்காரர் கர்க் கசின்ஸ் பாதிப் பருவத்தில் குதிகால் தசைநார் அறுந்து விலகியதும் ஒரு காரணம்தான். ஆனால் எச்சரிக்கை மணி முந்தைய ஆண்டின் கணக்கிலேயே ஒலித்துவிட்டது.

அப்படியானால் 2024 லயன்ஸ்? எடுத்தது 564, கொடுத்தது 342. அது அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றி அல்ல. பிறகு ஏன் சரிந்தது? அதற்குத்தான் நான்காவது கேள்வி.

நான்கு: போன ஆண்டு இருந்தவர்கள் இந்த ஆண்டும் இருக்கிறார்களா?

லயன்ஸ் எழுந்த கதை எளிதானதல்ல. 1993க்குப் பிறகு பிரிவுப் பட்டமே இல்லை. 2008இல் 16 ஆட்டங்களிலும் தோல்வி. 2021இல் டேன் கேம்பெல் தலைமைப் பயிற்றுநரானார். அவரது முதல் பருவத்தில் 3 வெற்றிதான். அடுத்த ஆண்டு முதல் 7 ஆட்டங்களில் 6 தோல்வி. ஆனாலும் நிர்வாகம் அவரை மாற்றவில்லை. 2023 டிசம்பர் 24ஆம் தேதி மினியாபோலிஸ் நகரில் வைக்கிங்சை 30-24 என்று வென்று, 30 ஆண்டுக் காத்திருப்பை முடித்தார்கள்.

2025 தொடக்கத்தில் அந்தக் கூட்டணி கலைந்தது. தாக்குதல் ஆட்டத்தை வகுத்த பென் ஜான்சன் தலைமைப் பயிற்றுநராகப் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? அதே பிரிவின் சிகாகோ பியர்ஸ்! தற்காப்பைக் கவனித்த ஏரன் கிளென் நியூயார்க் ஜெட்சுக்குப் போனார். முன்வரிசையின் நடுத்தூணாக இருந்த ஃபிராங்க் ராக்னோ ஜூனில் ஓய்வை அறிவித்தார். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் பெயரை எல்லாரும் அறிவார்கள். அவர் நிதானமாக எறிய நேரம் வாங்கித் தரும் முன்வரிசையை யாரும் கவனிப்பதில்லை. கணிக்க விரும்புவோர் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

மறுபக்கம், நீண்டகாலம் வென்றவர்களைப் பாருங்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2009 முதல் 2019 வரை தொடர்ந்து 11 முறை பிரிவுப் பட்டம் வென்றது. அந்த 11 ஆண்டுகளும் பயிற்றுநர் பில் பெலிச்சிக், குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. சீஃப்ஸ் 2016 முதல் 2024 வரை 9 முறை வென்றபோதும் பயிற்றுநர் ஒருவரே, ஆண்டி ரீட்.

இனி நீங்களே சொல்லுங்கள்

இந்த நான்கு கேள்விகளையும் இப்போது பியர்ஸ் குழுவிடம் கேட்டுப் பாருங்கள். 2025 பட்டத்துக்குப் பிறகு, முதலிடக் குழுக்களோடு மோதும் சுமை அவர்கள் தோளுக்கு மாறுகிறது. பிரிவுப் போட்டியாளரான லயன்சிடம் இருமுறையும் தோற்றிருக்கிறார்கள். பின்தங்கியிருந்து கடைசி நிமிடங்களில் மீண்டு வென்ற ஆட்டங்களும் பல. அதே காற்று மறுபடியும் வீசும் என்று நம்பிவிட முடியாது. பென் ஜான்சன் இருப்பது மட்டும் பெரிய பலம். ஆகவே 'நிச்சயம் வெல்வார்கள்' என்று சொல்வது பேதைமை. 'வாய்ப்பு உண்டு, ஆனால் நால்வரில் ஒருவர்' என்பதே நேர்மையான விடை.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். காற்பந்துச் சூதாட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு, வீட்டில் விழிக்கும் குடும்பத் தலைவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 15 ஆட்டங்களில் வென்ற குழுவே அடுத்த ஆண்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறது என்றால், 'இந்தக் குழு நிச்சயம்' என்று காதில் ஓதுபவரின் பேச்சுக்கு என்ன மதிப்பு? கணக்குப் போட்டுப் பார்ப்பது ஆட்டத்தை ரசிக்க உதவும். பணம் கட்டுவதற்கு அதை நம்பாதீர்கள்.