ஃப்யூஸ் போன டங்ஸ்டன்!

குண்டு பல்புக்குள் மெல்லிசாக ஒரு கம்பி சுருண்டிருக்குமே, ஞாபகமிருக்கா சார்? அதுதான் டங்ஸ்டன். நாமெல்லாம் பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிட்ட அந்தப் பெயர், 2024 கடைசியில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை அடிபட்டது. பின்னே... அதை எடுக்க ஊரையே தோண்டணும் என்றால் சும்மாவா இருப்பார்கள்?

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டரில் இருக்கிறது அரிட்டாபட்டி. பார்க்க சாதாரண கிராமம்தான். ஆனால், சொத்துக் கணக்கை எடுத்தால் மலைத்துப் போவீர்கள். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 நீர்ச்சுனைகள், மூன்று தடுப்பணைகள்! மழைத்தண்ணீரைக் குன்றுகள் பிடித்துக் கொடுக்க, ஏரிகள் வாங்கி வைத்துக்கொள்ள, வயல்கள் குடிக்கின்றன. குன்று போனால் ஏரி போச்சு. ஏரி போனால் சோறு போச்சு. இந்தக் கணக்கைப் போட கால்குலேட்டர் எதற்கு?

வாடகை தராத குடித்தனக்காரர்களும் ஏராளம். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு உட்பட சுமார் 250 வகைப் பறவைகள். கூடவே தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு. பாறையில் சமணர் படுக்கைகள், தமிழ் பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில்.

இதற்காகவே 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேரை 'பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்' என்று தமிழக அரசு அறிவித்தது. மாநிலத்திலேயே முதல் தலம். இதில் ஒரு விசேஷம்... வேலி போட்டு ஊர்க்காரரை வெளியே தள்ளும் சமாசாரமில்லை இது. காலங்காலமாக நடக்கும் விவசாயமும் மேய்ச்சலும் அப்படியே தொடரலாம். காவல்காரர்களே ஊர்க்காரர்கள்தான்!

காவலுக்குச் சோதனை இரண்டே வருடத்தில் வந்தது. 2024 நவம்பரில், சுற்றுவட்டாரத்தில் 2,015.51 ஹெக்டேர், அதாவது சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமையை மத்திய அரசு ஏலம் விட்ட சேதி வெளியானது. அந்த எல்லைக்குள் பாரம்பரியத் தலமும் மாட்டிக்கொண்டிருந்தது!

கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 'சரி, பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாமா?' என்று மறு ஆய்வுப் பேச்சு வந்தது. நாமாக இருந்தால், 'நம்ம வீடு தப்பிச்சுதுடா சாமி' என்று போர்த்திக்கொண்டு படுத்திருப்போம். அவர்கள் அசரவில்லை. பக்கத்து ஊர் வயலும் வயல்தானே? மொத்தத் திட்டமும் போகணும் என்று நின்றார்கள். 2025 ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கானோர் திரண்டு மதுரை தல்லாகுளம் தபால் அலுவலகம் நோக்கிக் கிளம்பினார்கள்.

ஜனவரி 23... ஏலம் ரத்து! டங்ஸ்டன் திட்டம் ஃப்யூஸ் போனது.

சரி, நமக்கு இதில் என்ன வேலை? ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். பாலிதீன் பையையும் பாட்டிலையும் போட்டுவிட்டு வராதீர்கள். முக்கியமாக ஒன்று... பாறையில் இருக்கும் கையெழுத்துக்கு வயது சுமார் 2,200. பக்கத்தில் ஆணியால் உங்கள் பெயரும் ஒரு ஹார்ட்டினும் அம்பும் வேண்டாமே, ப்ளீஸ்!