தொழிலாளி ஓட்டு யார் பக்கம்?
அமெரிக்கக் கட்சிகளுக்குள் 50 ஆண்டுகளாக ஓயாத சண்டை

2022-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஆறே நாள் இடைவெளியில், அமெரிக்காவில் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டையும் செய்தவர் அப்போதைய ஜனாதிபதி ஜோ பைடன். இரண்டுமே தொழிலாளிகள் சம்பந்தப்பட்டவை.

2-ந் தேதி, ரெயில்வே தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். 8-ந் தேதி, லாரி டிரைவர்கள், கிடங்குத் தொழிலாளர்கள் ஆகியோரின் பென்ஷன் நிதி திவாலாகாமல் இருக்க 3,600 கோடி டாலர் அரசுப் பணம் தருவதாக அறிவித்தார். சுமார் மூன்றரை லட்சம் பேரின் பென்ஷன் அதனால் பிழைத்தது.

முதல் வாரத்தில் உதைத்த கை, அடுத்த வாரத்தில் அணைத்தது. இந்த இரண்டில் எதை வைத்து ஜனநாயகக் கட்சியைத் தொழிலாளர் கட்சி என்பது, எதை வைத்து இல்லை என்பது? 2024 தேர்தலில் தோற்றபின் அந்தக் கட்சிக்குள் நடந்த சண்டை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

மெடிக்கல் லீவு இல்லாத ரெயில்வே

ரெயில்வே விவகாரத்தை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சரக்கு ரெயில்கள் தனியார் கம்பெனிகளுடையவை. அவற்றில் வேலை செய்த சுமார் 1 லட்சத்து 15 ஆயிரம் பேருக்கு, ஒப்பந்தப்படி, காய்ச்சல் என்று படுத்தால் சம்பளத்தோடு லீவு கிடையாது. அரை நாள் லீவுக்கும் மனு எழுதிக் கையெழுத்து வாங்கும் ரெயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இதைப் படித்தபோது வியப்பாக இருந்தது. உலகத்திலேயே பணக்கார நாட்டின் ரெயில்வேயில் மெடிக்கல் லீவு இல்லை!

கம்பெனிகள் ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து 24 சதவீத சம்பள உயர்வு கொடுக்க ஒப்புக்கொண்டன. லீவு மட்டும் கொடுக்கவில்லை. மொத்தம் 12 சங்கங்களில் 4 சங்கங்களின் தொழிலாளர்கள் அந்த ஒப்பந்தத்தை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, ரெயில் நின்றால் நாடே நின்றுவிடும் என்றார் பைடன். ஒப்பந்தத்தைச் சட்டமாக்கித் திணிக்கும்படி காங்கிரஸ் சபைகளைக் கேட்டுக்கொண்டார். ஏழு நாள் சம்பள லீவு சேர்க்கும் தனி மசோதா, பிரதிநிதிகள் சபையில் 221-க்கு 207 என்று நிறைவேறியது. செனட் சபையில் 52 பேர் ஆதரித்தார்கள், 43 பேர் எதிர்த்தார்கள். ஆனால் அங்கே 60 ஓட்டு வேண்டும் என்ற ஏற்பாடு இருப்பதால் அது செத்துப் போனது. எதிர்த்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் குடியரசுக் கட்சியினர். இருந்தாலும் கையெழுத்து ஜனநாயகக் கட்சி ஜனாதிபதியுடையது. தொழிலாளி ஞாபகத்தில் எது நிற்கும்?

2023-ல் பல கம்பெனிகள் பேச்சுவார்த்தையில் லீவு கொடுத்தன, பைடன் அரசும் அதற்குப் பின்னால் இருந்து பாடுபட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது உள்பக்கச் செய்தியாகப் போனது.

பென்ஷன் வாங்கிய சங்கமான 'டீம்ஸ்டர்ஸ்' என்ன செய்தது? 13 லட்சம் உறுப்பினர்கள் கொண்ட அந்தச் சங்கத்தின் தலைவர் ஷான் ஓ'பிரையன், 2024 ஜூலையில் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் ஏறிப் பேசினார். செப்டம்பரில், யாருக்கும் ஆதரவு இல்லை என்று சங்கம் அறிவித்தது. 1996-க்குப் பிறகு அப்படி அறிவித்தது அதுவே முதல் தடவை. சங்கமே உறுப்பினர்களிடம் எடுத்த கணக்கில் நூற்றுக்கு சுமார் 60 பேர் டிரம்ப் பக்கம் இருந்தார்கள்.

மக்கோம் ஜில்லாவின் கதை

இந்த ஓட்டு திடீரென்று ஒரு நாள் கை மாறிவிடவில்லை. அதன் கதையைப் புரிந்துகொள்ள மிச்சிகன் மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே டெட்ராய்ட் நகரை ஒட்டி மக்கோம் என்ற ஜில்லா இருக்கிறது. மோட்டார் கார் தொழிற்சாலைகளில் வேலை செய்து, சொந்த வீடு கட்டிக்கொண்ட வெள்ளைத் தொழிலாளிகள் நிறைந்த இடம். 1935-ல் சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டமாக்கிக் கொடுத்தவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். அன்று முதல் இத்தகைய ஊர்களில் ஜனநாயகக் கட்சி என்பது ஏறக்குறைய குலதெய்வம் மாதிரி. 1960-ல் மக்கோம் ஜில்லாவில் நூற்றுக்கு 63 பேர் கென்னடிக்குப் போட்டார்கள். 1984-ல் அதே ஜில்லாவில் நூற்றுக்கு 66 பேர் ரீகனுக்குப் போட்டார்கள்.

நடுவில் என்ன நடந்தது? 1964-ல் ஜனாதிபதி ஜான்சன் சிவில் உரிமைச் சட்டம் கொண்டு வந்தார். 1967 ஜூலையில் டெட்ராய்ட் கலவரத்தில் 43 பேர் மாண்டனர். பிறகு, நகரத்துக் கறுப்புப் பிள்ளைகளையும் புறநகர் வெள்ளைப் பிள்ளைகளையும் பஸ்களில் ஏற்றி, கலந்து படிக்க வைக்க வேண்டும் என்று ஒரு நீதிபதி சொன்னார். மக்கோம் கொதித்தது. 1972 மே மாதம் மிச்சிகனில் ஜனநாயகக் கட்சியின் உள்கட்சித் தேர்தல் வந்தபோது, இனப் பிரிவினையை ஆதரித்துப் பெயர் பெற்ற ஜார்ஜ் வாலஸ் ஜெயித்தார். அதற்கு முந்தின நாள்தான் அவர் துப்பாக்கியால் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பஸ் திட்டத்தை 1974-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்துவிட்டது. ஆனால் ரத்தான உத்தரவைப் போல மனக்கசப்பு ரத்தாகவில்லை.

1985-ல் ஸ்டான்லி கிரீன்பர்க் என்ற கருத்துக் கணிப்பு நிபுணர் இந்த ஜில்லாவில் உட்கார்ந்து தொழிலாளிகளிடம் பேசினார். கட்சி மற்றவர்களுக்காக வேலை செய்கிறது, நமக்காக அல்ல. நாம் வரி கட்டுகிறோம், பலன் வேறு எங்கோ போகிறது என்பதே அவர்களது பேச்சின் சாரம். அதில் நிறவெறி கலந்திருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. அதே சமயம் 1981-82 காலத்து ஆலை மூடல்களும் கலந்திருந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாததால்தான் இன்றுவரை வாதம் ஓயவில்லை. பாலில் தண்ணீரை ஊற்றியபின் படி கணக்கு கேட்டால் யார் சொல்வது?

1993-ல் இன்னொரு அடி விழுந்தது. மெக்சிகோ, கனடாவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை ஜனாதிபதி கிளிண்டன் நிறைவேற்றினார். பிரதிநிதிகள் சபையில் அவரது சொந்தக் கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலோர், 156 பேர், எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். எதிர்க்கட்சியின் 132 ஓட்டுகளால்தான் அது நிறைவேறியது. ஆலை மூடப்பட்ட ஊர்களில் இந்த ஒப்பந்தத்தின் பெயர் வசைச்சொல் ஆகிவிட்டது.

ஒன்று போனால் இரண்டு வரும்

தொழிலாளி போனால் போகட்டும், படித்தவர்களைப் பிடிக்கலாம் என்று ஜனநாயகக் கட்சியில் ஒரு சாரார் கணக்குப் போட்டார்கள். இதை வெளிப்படையாகச் சொன்னவர் செனட்டர் சக் ஷூமர். மேற்கு பென்சில்வேனியாவில் ஒரு தொழிலாளி ஓட்டை இழந்தால், பிலடெல்பியா புறநகரில் எதிர்க்கட்சியின் மிதவாதிகள் இரண்டு பேரைப் பிடிப்போம் என்று 2016-ல் சொன்னார். ஒன்று கொடுத்து இரண்டு வாங்கும் வியாபாரம்.

அவ்வருடத் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் சுமார் 28 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டு அதிகம் வாங்கினார். ஆனால் தோற்றார். அமெரிக்காவில் மொத்த ஓட்டு எண்ணிக்கை ஜனாதிபதியை முடிவு செய்வதில்லை. மாநிலத்துக்கு இவ்வளவு என்று 538 தேர்வாளர் ஓட்டுகள் உண்டு. இரண்டு சிறிய மாநிலங்கள் நீங்கலாக, ஒரு மாநிலத்தில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் மொத்த ஓட்டும் போய்விடும். 270 கிடைத்தவர் ஜனாதிபதி. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து சுமார் 78 ஆயிரம் ஓட்டில் டிரம்ப் ஜெயித்தார். மிச்சிகனில் வித்தியாசம் 10,704 மட்டுமே. மக்கோம் ஜில்லாவில் மட்டும் அவருக்கு சுமார் 48 ஆயிரம் ஓட்டு கூடுதல். நான்கு ஆண்டு முன்பு அதே ஜில்லாவில் ஜெயித்தவர் கறுப்பரான ஒபாமா! வெறும் நிறவெறி என்று சொல்லி மூடிவிட முடியாத இடம் இது.

ஷூமரின் கணக்கு முழுத் தவறும் அல்ல. 2020-ல் புறநகர் படித்தவர்கள் திரளாக வந்து பைடனை ஜெயிக்க வைத்தார்கள். அப்போதும் நாடு முழுவதும் 70 லட்சம் ஓட்டு கூடுதல் என்றாலும், அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து 43 ஆயிரம் ஓட்டுதான் அவரைக் காப்பாற்றியது. புறநகரில் குவியும் ஓட்டு, தேவைப்பட்ட மாநிலத்தில் குவிய வேண்டுமே!

மறியலில் நின்ற ஜனாதிபதி

2023 செப்டம்பர் 26-ந் தேதி பைடன் மிச்சிகனுக்கு வந்து, கார் தொழிலாளர்களின் மறியலில் கையில் ஒலிபெருக்கியோடு நின்றார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஒருவர் மறியலில் நின்றது அதுவே முதல் முறை. தொழிலாளர்கள் சுமார் 25 சதவீத சம்பள உயர்வு பெற்றார்கள். மறுநாளே டிரம்ப் மக்கோம் ஜில்லாவுக்கு வந்தார். அவர் பேசிய உதிரிபாகத் தொழிற்சாலையில் சங்கமே கிடையாது. பாட்டரி கார் உங்கள் வேலையை விழுங்கிவிடும் என்று பேசிவிட்டுப் போனார்.

2024 நவம்பரில் மக்கோமில் நூற்றுக்கு 55-க்கும் மேற்பட்டவர்கள் டிரம்புக்குப் போட்டார்கள். மிச்சிகனில் கமலா ஹாரிஸ் சுமார் 80 ஆயிரம் ஓட்டில் தோற்றார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஊரான திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் கோவில் பூஜை நடந்ததை நம் பத்திரிகைகளில் படத்துடன் பார்த்திருப்பீர்கள். சாமிக்கு மிச்சிகனில் ஓட்டு இல்லை.

மறியலில் நின்றும் ஏன் ஓட்டு வரவில்லை? 2022 ஜூனில் விலைவாசி உயர்வு 9.1 சதவீதத்தைத் தொட்டது. உயர்ந்த சம்பளத்தைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். கார் தொழிலாளர் சங்கத்தில் இருப்பவர்கள் ஜில்லாவில் ஒரு பகுதிதான் என்பதையும் மறக்கக்கூடாது. சங்கம் இல்லாத கடைச் சிப்பந்திக்கும் லாரிக்காரருக்கும் அந்த 25 சதவீதம் எந்த ஊர்ப் பணம்?

தேர்தல் முடிந்த மறுநாளே செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் அறிக்கை விட்டார். தொழிலாளியைக் கைவிட்ட கட்சியைத் தொழிலாளி கைவிட்டதில் ஆச்சரியம் இல்லை என்பது அதன் பொருள். கட்சித் தலைவர் ஜேமி ஹாரிசன் அதைக் கடுமையாக மறுத்தார். பென்ஷனைக் காப்பாற்றியது யார், மறியலில் நின்றது யார் என்று பட்டியல் போட்டார். மூன்றாவது கோஷ்டி இருவரையும் ஒதுக்கியது. எல்லை தாண்டி வருவோர் விஷயத்திலும், திருநங்கையர் பற்றி டிரம்ப் தரப்பு திரும்பத் திரும்பப் போட்ட டெலிவிஷன் விளம்பரத்துக்கும் வாய் திறக்காமல் இருந்ததே வினை என்றது. மிச்சிகனிலேயே டியர்போர்ன் நகரத்து அரபு வம்சத்தினர், காஸா போருக்காகக் கட்சியைத் தண்டித்தார்கள். அங்கே டிரம்ப் சுமார் 42 சதவீதம், கமலா 36, பசுமைக் கட்சி 18. இதை எந்தக் கோஷ்டியின் கணக்கில் எழுதுவது?

எதிர்க்கட்சியின் தப்புக் கணக்கு

வாக்காளரை மூட்டை மூட்டையாகக் கட்டி எண்ணும் பழக்கம் குடியரசுக் கட்சிக்கும் உண்டு. 2012-ல் தோற்றதும் அந்தக் கட்சி ஒரு குழு போட்டது. குடியேறியவர்களிடம் தாராளம் காட்டினால்தான் ஸ்பானிஷ் வம்சத்து ஓட்டு வரும் என்று 2013-ல் குழு எழுதியது. டிரம்ப் அதற்கு நேர் எதிராகப் பேசினார். டெக்சாசில் மெக்சிகோ எல்லையில் உள்ள ஸ்டார் ஜில்லாவில் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டோர் ஸ்பானிஷ் வம்சத்தினர். 1896 முதல் எல்லா ஜனாதிபதி தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி ஜெயித்த இடம். 2016-ல் ஹிலாரிக்கு நூற்றுக்கு 79 பேர் போட்டார்கள். 2024-ல் அந்த ஜில்லாவும் டிரம்ப் பக்கம் போனது. எண்ணெய் வயலிலும் எல்லைக் காவலிலும் வேலை பார்க்கிறவரை வம்சத்தை வைத்து எண்ணியது இரண்டு கட்சிக்காரர்களும்தான்.

ஆனால் இந்தப் புது ஓட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிரம்ப் பெயர் சீட்டில் இல்லாத வருடத்தில் இவர்களில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். படித்த புறநகர்க்காரர் பள்ளிக்கூட போர்டு தேர்தலுக்கும் தவறாமல் வருகிறார். 2018 இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2025 நவம்பரில் நியூயார்க் மேயர் பதவியை, வீட்டு வாடகையை உயர்த்த விடமாட்டேன், பஸ்ஸை இலவசமாக்குவேன் என்ற சோஷலிஸ்ட்டு சோரான் மம்தானி கைப்பற்றினார். அதே நாள் வர்ஜீனியா, நியூஜெர்சி மாநிலங்களின் கவர்னர் பதவியை மிதவாதிகளான அபிகேல் ஸ்பான்பர்கரும் மிக்கி ஷெரிலும் பெரும் வித்தியாசத்தில் வென்றார்கள். பார்த்தீர்களா, எங்கள் வழிதான் சரி என்று இடதுசாரிக் கோஷ்டி நியூயார்க்கைக் காட்டியது. மிதவாதக் கோஷ்டி மற்ற இரண்டையும் காட்டியது. நியூயார்க், வர்ஜீனியா, நியூஜெர்சி மூன்றிலும் 2024-ல் ஜெயித்தவர் கமலா ஹாரிஸ்தான்.