விரலைக் காக்கும் ரம்பம்

"ஐந்து விரலும் ஒன்றாய் இருக்குமா?" என்பது நம்மவர் வழக்கு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையே குணபேதம் காணும்போது பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் மொழி அது. விரலுக்கு விரல் வேறுபாடு உண்டென்பதைச் சட்டமும் எழுத்திலே வகுத்தது. 1923ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில், பின்வந்த திருத்தங்களின்படி, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கணக்கு இடம்பெற்றது. கட்டைவிரல் போனால், உழைத்துப் பொருளீட்டும் திறனில் நூற்றுக்கு 30 பங்கு இழப்பு. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 7.

இந்த எண்களை நாம் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் நம் இல்லத்தில் அலமாரி அமைக்க ஒரு மிஸ்திரி வந்திருந்தார். பொங்கலுக்குள் வேலை முடியவேண்டுமென்று அவருக்கு நாள்தோறும் நினைவூட்டி வந்தோம். ஒருநாள் தேநீர்க் குவளையை நீட்டியபோதுதான், அவருடைய இடக்கைச் சுட்டுவிரல் பாதியோடு நின்றிருப்பதைக் கண்டோம். எப்படி நேர்ந்தது என்று வினவினோம். "தீபாவளிக்கு முந்தின நாள், ஸாஹிப். அந்த வீட்டுக்காரருக்கு அவசரம்" என்றார். குரலிலே குறை ஏதும் இல்லை. தேநீரைப் பருகிவிட்டு மீண்டும் ரம்பத்தை முடுக்கினார். அன்று மாலை பொங்கல் என்ற பேச்சை நாம் எடுக்கவில்லை.

அவர் கையாண்ட கருவியை அதன் பின்னரே கூர்ந்து நோக்கினோம். அது மரம் அறுப்பதற்கென்று செய்யப்பட்டதன்று. சலவைக்கல் அறுக்கும் 'மார்பிள் கட்டர்'. அதன் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, மரம் அறுக்கும் பல் வட்டைப் பொருத்தி, ஒரு ப்ளைவுட் பலகையின் அடியில் தலைகீழாக முடுக்கியிருந்தார். பலகையின் நடுவே வட்டு தலைநீட்டிச் சுழன்றது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம் குடும்பங்கள் பல, வீட்டு வேலை நடக்கும்போது இக்காட்சியைக் கண்டிருக்கும். கண்டும் கருதாது விட்டிருப்போம்.

இமைப்பொழுதின் கணக்கு

வட்ட ரம்பம் எத்துணை விரைவானது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். தச்சுப் பட்டறைகளில் மேசையோடு இணைந்த ரம்பத்தின் வட்டு பெரும்பாலும் 10 அங்குலக் குறுக்களவு உடையது. அது நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுழல்வதாகக் கொண்டால், அதன் விளிம்பிலுள்ள பல் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. வட்டில் 40 பற்கள் இருப்பின், ஒரு வினாடியில் 2,600க்கு மேற்பட்ட பற்கள் ஓரிடத்தைக் கடந்து செல்லும். விரலில் ஏதோ பட்டது என்று உணர்ந்து கையை இழுக்க மனிதனுக்கு ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது வேண்டும். அதற்குள் ஐந்நூறு பற்கள் கடந்துவிடும். "பார்த்து வேலை செய், கையைச் சட்டென்று எடுத்துக்கொள்" என்ற அறிவுரைக்கு இங்கே இடமே இல்லை. வலி தெரியுமுன் விரல் போய்விடுகிறது.

விரல் தானே சென்று ரம்பத்தில் படுவதும் எப்போதும் அன்று. அறுபடும் பலகை வட்டின் பின்புறத்தில் இறுகிக்கொண்டால், கீழிருந்து மேலெழும் பின்பற்கள் அதனைத் தூக்கி, அறுப்பவன்மீதே எறிந்துவிடும். பலகையை அழுத்திப் பிடித்திருந்த கை, பிடிமானம் நழுவி வட்டின்மேல் விழுகிறது. கவனமாக வேலை செய்யும் தேர்ந்த தச்சருக்கும் இவ்வாறு நேர்வதுண்டு.

இதற்குரிய மருந்து நெடுங்காலமாகத் தெரிந்ததே. வட்டுக்கு நேர்பின்னே, அறுத்த பிளவினுள் நிற்குமாறு ஓர் எஃகுத் தகட்டை நாட்டுவது முதலாவது. பிளவு மூடிக்கொண்டு வட்டைக் கவ்வாதபடி அது தடுக்கும். வட்டின்மேல் மூடி அமைப்பது இரண்டாவது. பலகையின் கடைசிப் பகுதியை விரலால் தள்ளாமல் ஒரு கோலால் தள்ளுவது மூன்றாவது. 1922ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் மரவேலை யந்திரங்களுக்கென்று வகுத்த விதிகள் மேல்மூடியையும் பின்தகட்டையும் கட்டாயமாக்கின. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அபாயமான யந்திரப் பகுதிகளுக்கு வேலியிட வேண்டுமென்றது. ஆயினும் அச்சட்டம், மின்சக்தியால் நடக்கும் இடமாயின் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலையாகக் கொண்டது. இருவர் மூவர் வேலை செய்யும் பட்டறையும், நம் வீட்டுக் கூடத்தில் விரித்த ப்ளைவுட் பலகையும் அந்த வேலிக்கு வெளியே நின்றன.

தானே நிற்கும் வட்டு

மேலே கூறிய மூன்று காவலும் மனிதன் கழற்றி வைத்துவிடக் கூடியவை. "மூடி இருந்தால் கோடு தெரியவில்லை" என்று கழற்றுவோரே மிகுதி. ஆகவே, கை பட்டுவிட்ட பிறகும் காக்கும் வழி உண்டா என்ற வினா எழுந்தது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீபன் காஸ் என்பவர் அதற்கு விடை கண்டார். அவர் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். காப்புரிமை வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். ஓய்வு நேரத்தில் தச்சுவேலை செய்பவர்.

அவர் கண்ட முறையின் தத்துவம் எளியது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்த மரம் அவ்வாறு கடத்தாது. வட்டில் மிகச் சிறிய மின்குறி ஒன்றை ஓடவிட்டு, அதனை இடைவிடாது கண்காணித்தால், மரம் படும்போது குறி மாறாது. தோல் பட்டவுடன் உடல் அக்குறியின் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்ளும், குறி தாழும். அந்தத் தாழ்வை உணர்ந்ததும், ஒரு மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ந்து அதனை எரித்துவிடும். அக்கம்பி இழுத்துக் கட்டியிருந்த சுருள்வில் விடுபட்டு, ஓர் அலுமினியக் கட்டியை வட்டின் பற்களுக்குள் செலுத்தும். பற்கள் அலுமினியத்தில் ஆழப் புதைந்து, வட்டு அங்கேயே நின்று மேசைக்கடியில் தாழ்ந்துவிடும். இவை யாவும் நிகழ ஏறத்தாழ ஆயிரத்தில் ஐந்து பங்கு வினாடியே ஆகும். அதற்குள் வட்டு ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுழலாது. விரல் போகவேண்டிய இடத்தில் ஒரு சிறு கீறலே மிஞ்சும்.

காஸ் இதனை முதலில் இறைச்சிக் குழல்களைக் கொண்டு பலமுறை சோதித்தார். பின்னர்த் தம் விரலையே சுழலும் வட்டில் வைத்துக் காட்டினார். விரல் தப்பியது.

மறுத்தவர்களும் மறுத்த காரணமும்

2000ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில் நடந்த மரவேலை யந்திரக் காட்சியில் இப்புதுமையைக் கண்டோர் வியந்தனர். ஆனால் பெரிய உற்பத்தியாளர் எவரும் இதனைத் தம் ரம்பத்தில் அமைக்க உடன்படவில்லை. விலை ஏறும் என்றனர். கண்டுபிடித்தவருக்கு உரிமைத்தொகை செலுத்த வேண்டுமே என்றனர். முடிவில் காஸும் அவருடைய தோழர்களும் 'ஸா ஸ்டாப்' என்னும் பெயரில் தாமே நிறுவனம் தொடங்கி, 2004ஆம் ஆண்டின் இறுதியில் ரம்பங்களை விற்கலாயினர்.

இதற்கிடையே 2003ஆம் ஆண்டில், இத்தகைய காவலைக் கட்டாயமாக்குமாறு அமெரிக்க அரசின் நுகர்பொருட் பாதுகாப்பு ஆணையத்துக்கு அவர்கள் மனுச் செய்தனர். மேசை ரம்பத்தின் வட்டினால் ஆண்டுதோறும் 30,000க்கு மேற்பட்ட காயங்களும், அவற்றுள் ஏறத்தாழ 4,000 விரல் துண்டிப்புகளும் அந்நாட்டில் நேர்வதாக ஆணையத்தின் மதிப்பீடுகள் கூறின. நாளொன்றுக்குப் பத்துப்பேர் என்பது அதன் பொருள். 2010ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில், மலிவான மேசை ரம்பத்தால் கையில் படுகாயமுற்ற ஒரு தொழிலாளிக்கு 15 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்குமாறு ஜூரர்கள் தீர்ப்பளித்தனர். கிடைக்கக்கூடிய காவலை அமைக்காது விட்டது உற்பத்தியாளரின் குற்றம் என்பதே அவ்வழக்கின் வாதம்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் புறக்கணித்தலாகாது. கட்டாயமாக்கினால் நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைக் கையில் வைத்திருக்கும் ஒரு நிறுவனமே ஆதாயம் அடையும் என்பது அவர்கள் கூற்று. அஃது ஆதாரமற்ற அச்சமன்று. போஷ் நிறுவனம் வட்டைக் கெடுக்காமலே மேசைக்கடியில் தாழ்த்தும் வேறொரு வகை ரம்பத்தை வெளியிட்டபோது, அது காப்புரிமையை மீறியதென்று கூறி, 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவினுள் அதன் இறக்குமதி தடுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில், விதி நடைமுறைக்கு வந்தால் முக்கியமான காப்புரிமை ஒன்றைப் பொதுவுடைமையாக விட்டுவிடுவதாக ஸா ஸ்டாப் நிறுவனத்தின் உரிமையாளர்கள் அறிவித்தனர். அவ்வாண்டு முடிந்தபோதும் விதி சட்டமாகவில்லை. மனு கொடுத்து இருபத்தோராண்டு கழிந்திருந்தது.

இந்த வரலாற்றில் நம் நெஞ்சைத் தொட்டது ஒன்றே. ரம்பத்தின் விலையைத் தீர்மானிப்பவர் ஒருவர். அதனை வாங்கித் தருபவர் இன்னொருவர். விரலை அதன்முன் வைப்பவர் மூன்றாமவர். செலவைப் பற்றிப் பேசியவர் எவரும் தம் விரலை வைத்துப் பேசவில்லை. விரலை வைப்பவரை எவரும் கேட்கவில்லை.

நம் கூடத்தில்

இக்காவலுக்கும் எல்லை உண்டு. அலுமினியக் கட்டி ஒருமுறைக்கே உதவும். வட்டும் பெரும்பாலும் அத்தோடு கெடும். மிக ஈரமான மரமோ, மரத்தினுள் மறைந்த உலோகமோ பட்டாலும் வட்டு நின்றுவிடக்கூடும். பலகை திருப்பி எறிவதை இது தடுக்காது. அதற்குப் பின்தகடே வேண்டும். நம் இல்லத்துக்கு வரும் மிஸ்திரியின் மார்பிள் கட்டரிலோ இத்தகைய தடை ஏதும் இல்லை. அது நிமிடத்துக்கு 12,000 சுற்றை ஒட்டிச் சுழல்வது. விசையை அணைத்த பின்னும் சிறிது நேரம் ஓடுவது.

ஆகவே நம்மால் ஆகக்கூடியவற்றைச் சொல்லுவோம். வேலை பேசும்போதே, கருவியைத் தலைகீழாக முடுக்கி அறுக்கலாகாது என்றும், மூடி கழற்றாத, மரத்துக்கென்றே அமைந்த ரம்பம் வேண்டுமென்றும் சொல்லிவிடலாம். பெரிய பலகைகளைக் கடையிலேயே அளவுப்படி அறுத்துத் தரும் இடம் இருந்தால், அங்கேயே அறுத்து வாங்கலாம். பலகையை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகள் இரண்டு வாங்கித் தருவது பெருஞ்செலவன்று. அறுக்கும் இடத்தில் நல்ல வெளிச்சம் வேண்டும். தளர்ந்த சட்டைக் கையும், மணிக்கட்டில் கட்டிய கயிறும், கையுறையும் சுழலும் வட்டுக்கு அருகே ஆகா. குழந்தைகளை அவ்வறைக்குள் விடலாகாது. வட்டு ஓடும்போது பேச்சுக் கொடுப்பதையும், தேநீருக்கு அழைப்பதையும் நாமே தவிர்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் குறித்து நெருக்குவதை விடவேண்டும்.

தீங்கு நேர்ந்துவிட்டால் செய்யவேண்டுவதையும் வீட்டில் ஒருவராவது அறிந்திருத்தல் நலம். காயத்தைத் தூய துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலை ஈரமாக்கிய தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு நன்கு மூடி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். விரல் நேராகப் பனிக்கட்டியிலோ நீரிலோ படக்கூடாது. பின்னர், நுண்ணிய நாளங்களை இணைக்கவல்ல மருத்துவமனைக்கு விரைய வேண்டும். 1965ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்களான கோமாட்ஸுவும் தமாயும் முற்றிலும் துண்டான கட்டைவிரலை மீண்டும் பொருத்தி வெற்றி கண்டனர். அன்றுமுதல் இத்தகைய விரல்கள் பல மீண்டிருக்கின்றன. காலத்தோடு கொண்டுபோவதிலேதான் அவ்வெற்றி பெரிதும் அடங்கியிருக்கிறது.

அந்த மிஸ்திரி சென்ற ஆண்டும் நம் இல்லத்துக்கு வந்தார், புத்தக அலமாரி ஒன்று செய்வதற்காக. இம்முறை பெரிய பலகைகளை அறுத்தே வாங்கி வைத்திருந்தோம், கவ்விகளும் இருந்தன. மூடியோடு கூடிய ரம்பத்தைக் கொண்டுவரச் சொன்னபோது அவர் முதலில் நகைத்தார்; பிறகு கொண்டுவந்தார். வேலை முடிய இரண்டு நாள் கூடுதலாயிற்று. கூலியும் அதற்கேற்பக் கொடுத்தோம். அந்த இரண்டு நாளால் எவருக்கும் ஒரு குறையும் நேரவில்லை.

பொங்கலும் தீபாவளியும் ஆண்டுதோறும் வரும். நம் வீட்டை அழகுசெய்ய வந்தவர் வந்த கையோடு திரும்பிப் போகட்டும். அதற்கு வேண்டிய பொறுமையை நம் அன்பர்கள் யாவரும் கைக்கொள்வார்களாக.