கோடியக்கரையில் கூதிர்காலப் பறவை நோக்கல்

கோடியக்கரையில் கூதிர்காலப் பறவை நோக்கல் என்பது தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள கோடியக்கரைக் கடற்கரையிலும், அதனை அடுத்துள்ள வேதாரணியம் பெருஞ்சதுப்பு நிலத்திலும் வலசை வரும் பறவைகளை உற்றுநோக்கி, இனங்கண்டு, எண்ணிப் பதிவு செய்தலைக் குறிக்கும். தமிழ் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் எனப்படும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் காலமும் இதுவே. ஆர்க்டிக் பகுதி, சைபீரியா, நடு ஆசியா ஆகிய இடங்களில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் இக்காலத்தில் பெருந்தொகையாக இங்கே வந்து சேர்கின்றன. அவற்றுள் எத்தனை தங்கும், எங்கே இரை தேடும் என்பதைக் காற்று, மழை, சதுப்பு நிலத்தின் நீராழம், நீரின் உப்புத்தன்மை ஆகியவை முடிவு செய்கின்றன.

அமைவிடம்

கோடியக்கரை, வேதாரணியத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 11 கி.மீ. தொலைவில் காவிரிக் கழிமுகத்தின் தென்கிழக்கு மூலையில் அமைந்துள்ளது. வடக்கிலிருந்து தெற்காக வரும் சோழமண்டலக் கடற்கரை இவ்விடத்தில் ஏறக்குறையச் செங்கோணமாக மேற்கு நோக்கித் திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடாவும் தெற்கே பாக்கு நீரிணையும் உள்ளன. நீரிணைக்கு அப்பால் 50 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவில் யாழ்ப்பாணக் குடாநாடு உள்ளது.

முனையிலிருந்து மேற்கு நோக்கி, பாக்கு நீரிணைக்கு இணையாக, ஏறத்தாழ 48 கி.மீ. நீளத்திற்கு வேதாரணியம் சதுப்பு நிலம் நீண்டுள்ளது. குறுகிய மணல்திட்டு ஒன்று இதனைக் கடலிலிருந்து பிரிக்கிறது. இதன் மேற்குக் கோடியில் முத்துப்பேட்டைக் காயலும் அலையாத்திக் காடுகளும் உள்ளன. முனையை ஒட்டிய நிலப்பகுதியில் உலர் பசுமைமாறாக் காடும் புல்வெளியும் காணப்படுகின்றன. இதனால் கடற்பறவை, கரைப்பறவை, வாத்து, காட்டுப்பறவை என நான்கு வகையினவற்றையும் ஒரே நாளில் காண இயலும்.

வெளிமான்களைக் காக்கும் நோக்குடன் 1967ஆம் ஆண்டில் இங்கு வனவிலங்கு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. 1988ஆம் ஆண்டில் சதுப்பு நிலமும் தலைஞாயிறு காப்புக்காடும் இணைக்கப்பட்டுச் சரணாலயம் விரிவாக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் 38,500 எக்டேர் பரப்பளவுள்ள பகுதி ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இத்தகுதியைப் பெற்ற முதல் ஈரநிலம் இதுவாகும். அப்போது இங்கு 257 பறவையினங்கள் பதிவாகியிருந்தன. அவற்றுள் 119 நீர்ப்பறவைகள்.

இலக்கியத்தில் கோடியக்கரை

கோடியக்கரையின் காற்று தமிழ் இலக்கியத்தில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. இங்குள்ள குழகர் கோயிலைப் பாடிய சுந்தரர், கடுங்காற்று மோதும் கரையில் இறைவன் துணையின்றித் தனித்திருப்பதை எண்ணி வருந்துகிறார். அப்பதிகத்தில் காட்டு மரப்பொந்துகளில் குழறும் ஆந்தை, கூகை ஆகியவையும் பேசப்படுகின்றன. கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்திலும் கோடிக்கரை முக்கிய களமாகும். இங்கிருந்த சோழர் காலக் கலங்கரை விளக்கம் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அழிந்தது.

வலசையின் கால ஒழுங்கு

கோடியக்கரை மத்திய ஆசிய வலசைப் பாதையில் அமைந்துள்ளது. பறவைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் வருவதில்லை.

முதலில் வருபவை கரைப்பறவைகள். ஆர்க்டிக் கோடை மிகக் குறுகியது என்பதால் ஆகத்து மாதத்திலேயே முதல் கூட்டங்கள் தென்னிந்தியாவை அடைந்துவிடுகின்றன. பல இனங்களில் முதிர்ந்த பறவைகள் முன்னரும், அவ்வாண்டில் பிறந்த இளம் பறவைகள் சில வாரங்கள் கழித்தும் வருகின்றன. இளம் பறவைகளுக்கு வழிகாட்டப் பெற்றோர் உடன் வருவதில்லை. பயணத் திசை அவற்றின் பிறவி இயல்பிலேயே அமைந்துள்ளது.

வளைமூக்கு உள்ளான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இவ்வினத்தில் ஆண் பறவை அடைகாப்பதில் பங்கு கொள்வதில்லை. ஆகவே அது முதலில் புறப்படுகிறது. பெண் பறவை அடுத்தும், இளம் பறவைகள் இறுதியிலும் புறப்படுகின்றன. சைபீரியத் தூந்திரத்தில் லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்கு மிகுந்துள்ள ஆண்டுகளில் துருவ நரிகள் அவற்றையே உண்கின்றன. லெம்மிங் குறைந்த ஆண்டுகளில் அவை பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் நாடுகின்றன. எனவே கூதிர் காலத்தில் கோடியக்கரைச் சேற்றில் நூறு வளைமூக்கு உள்ளான்களுள் எத்தனை இளையவை என எண்ணினால், பல ஆயிரம் கி.மீ. தொலைவில் அவ்வாண்டு கோடை எவ்வாறு கழிந்தது என்பதை ஓரளவு உய்த்துணரலாம்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நீலச்சிறகி முதலிய வாத்துகள் வருகின்றன. இதே காலத்தில் ஆறுமணிக் குருவி, கொடிக்கால் வாலாட்டி, பழுப்புக் கீச்சான், நீலவால் பஞ்சுருட்டான் போன்றவை காட்டுப் பகுதியில் காணப்படுகின்றன. இவற்றுள் சில கடலைக் கடந்து இலங்கைக்கும் செல்லக்கூடியவை. பூநாரைகள் மழைக்குப் பிந்திய மாதங்களில் பெருந்திரளாகக் கூடுகின்றன.

காற்றின் பங்கு

செப்டம்பர் வரை இங்குத் தென்மேற்குக் காற்று வீசுகிறது. அக்டோபரில் அது தளர்ந்து, பின்னர் வடகிழக்குக் காற்று வலுப்பெறுகிறது. இம்மாற்றம் பறவைகளை மூன்று வகையில் பாதிக்கிறது.

முதலாவது, பயணம். பின்காற்று வீசும்போது பறவைகள் உயரத்தில் பறந்து ஆற்றலைச் சேமிக்கின்றன. எதிர்காற்று வீசும்போது, காற்றின் வேகம் குறைவாக உள்ள தாழ்ந்த மட்டத்தில், அலைகளை ஒட்டிப் பறக்கின்றன. ஆகவே எதிர்காற்று நாட்களில் கரையில் நிற்பவருக்கு ஆலாக்களும் கரைப்பறவைகளும் அருகில் தெரியும். இரவில் வலசை செல்லும் சிறு பறவைகள் மழையையும் எதிர்காற்றையும் சந்தித்தால் தரையிறங்கிவிடும். முன்னே திறந்த கடல் இருப்பதால், முனையிலுள்ள காடு அவற்றிற்குக் கடைசிப் புகலிடமாகிறது.

இரண்டாவது, அடைக்கலம். வடகிழக்குக் காற்றின்போது கிழக்குக் கரை கொந்தளிக்கும். பாக்கு நீரிணைப் பக்கம் ஒப்பளவில் அமைதியாக இருக்கும். தென்மேற்குக் காற்றின்போது நிலைமை தலைகீழாகும். பறவைகளும் அதற்கேற்ப இடம் மாறுகின்றன. வெளியூர் மீனவர்களும் இப்பருவத்தில் கோடியக்கரைக்கு வந்து தங்கித் தொழில் செய்வது வழக்கமாகும்.

மூன்றாவது, இரை. சதுப்பு நிலம் பரந்தது, ஆனால் ஆழமற்றது. இத்தகைய நீர்ப்பரப்பில் பலத்த காற்று நீரை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. ஒரு கரையில் நீர் ஏறும்போது எதிர்க்கரையில் சேறு வெளிப்படுகிறது. இக்கடற்கரையில் கடல் ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் காற்றின் விளைவு தெளிவாகத் தெரிகிறது. காலையில் ஆயிரம் பறவைகள் மேய்ந்த இடம் மாலையில் வெறுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நீராழமும் அலகும்

ஒரு கரைப்பறவை எங்கே இரை தேடும் என்பதை அதன் கால் நீளமும் அலகு நீளமும் வரையறுக்கின்றன. கொசு உள்ளான் 20 முதல் 30 கிராம் வரை மட்டுமே எடையுள்ளது. அதன் அலகு ஏறத்தாழ 2 செ.மீ. நீளமுடையது. ஈரமான சேற்றிலும் மிக ஆழமற்ற நீர் விளிம்பிலும் மட்டுமே அது மேயும். உப்புக்கொத்திகள் குட்டையான அலகும் பெரிய கண்களும் உடையவை. அவை ஓடி, நின்று, பார்த்து, சேற்றின் மேற்பரப்பிலுள்ள இரையைக் கொத்துகின்றன. கருவால் மூக்கன் நீரில் இறங்கி ஆழ்ந்த சேற்றைத் துழாவுகிறது. பெரிய கோட்டான் தன் நீண்டு வளைந்த அலகால் வளைக்குள் உள்ள நண்டையும் புழுவையும் எடுக்கிறது. பூநாரை இன்னும் ஆழமான நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்கிறது.

எனவே ஒரு சாண் நீர் கூடினால் கொசு உள்ளானுக்கு இடமில்லை. நீர் முழுதும் வற்றினால் சேறு காய்ந்து உப்புப் படர்ந்து எவற்றுக்கும் இரையில்லை. பலவகைப் பறவைகள் ஒருங்கே வாழப் பலவகை ஆழங்கள் அருகருகே இருத்தல் வேண்டும். நீண்ட பயணத்திற்கு முன் சில கரைப்பறவைகள் கொழுப்பைச் சேர்த்துத் தம் எடையை ஏறத்தாழ இருமடங்காக்குகின்றன. இரை குறைந்த ஆண்டில் அவை திரும்பிச் செல்லும் வலிமையை இழக்க நேரிடும்.

வளையமிடல் ஆய்வுகள்

பறவையியலாளர் சாலிம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959ஆம் ஆண்டில் பறவை வலசை ஆய்வைத் தொடங்கியது. கோடியக்கரை இவ்வாய்வின் முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. 1980களில் இங்குத் தொடர்ச்சியாகப் பறவைகள் பிடிக்கப்பட்டு, அளவிடப்பட்டு, காலில் எண்ணிட்ட உலோக வளையம் பூட்டி விடுவிக்கப்பட்டன. பறவை பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்த பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தினரின் திறன் இப்பணிக்குப் பெரிதும் பயன்பட்டது.

உலக அளவில் அருகிவிட்ட கரண்டிமூக்கு உள்ளானும் இங்குப் பதிவு செய்யப்பட்டுள்ளது. இப்பறவை இன்று மிகவும் அற்றுப்போகும் நிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. 1980களின் பதிவுகளோடு ஒப்பிடுகையில், பிற்காலக் கணக்கெடுப்புகளில் சிறு கரைப்பறவைகள் பலவற்றின் எண்ணிக்கை குறைந்துள்ளமை தெரியவந்துள்ளது. அன்றைய பதிவுகள் இல்லாதிருப்பின் இவ்வீழ்ச்சியை அறிய வழியே இருந்திராது.

நோக்குவோருக்கான குறிப்புகள்

* கிழக்கே ஞாயிறு எழும் காலை வேளையில், முனைப் பகுதியிலிருந்து மேற்கே சதுப்பு நிலத்தை நோக்குதல் நன்று. ஒளி பின்புறமிருந்து விழுவதால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறியபின் கானல் அலைவால் தொலைநோக்கியில் உருவங்கள் கலங்கும்.
* பலத்த காற்றில் தொலைநோக்கியின் முக்காலியை முழு உயரத்திற்கு நீட்டாமல், அமர்ந்தபடியோ மணல்மேட்டின் மறைவிலோ பயன்படுத்த வேண்டும்.
* ஓய்வெடுக்கும் கரைப்பறவைகள் காற்றை நோக்கியே முகம் திருப்பி நிற்கும். எழும்போதும் காற்றை எதிர்த்தே எழும். காற்று வரும் பக்கம் இருப்பவருக்கு அவற்றின் மார்பும் முகமும் தெரியும். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு முதுகும் சிறகும் தெரியும். இனங்காண இரண்டும் தேவைப்படும்.
* கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிட்டுப் படம் எடுத்தல் கூடாது. ஒவ்வொரு முறை எழும்போதும் பறவை சேமித்த கொழுப்பைச் செலவிடுகிறது.
* காலில் வளையமோ நிறக்கொடியோ உள்ள பறவையைக் கண்டால் நிறம், எழுத்து, எந்தக் கால், நாள், இடம் ஆகியவற்றைக் குறித்துக் கழகத்திற்குத் தெரிவிக்கலாம்.
* அரிய பறவைகளை மட்டும் குறிக்காமல், கண்ட அனைத்தையும் எண்ணிக்கையுடன் எழுத வேண்டும். காற்றின் திசை, நீர்மட்டம் ஆகியவற்றையும் சேர்த்தால் பதிவின் பயன் மிகும். வழக்கமாகக் காணப்படும் பறவை ஒருநாள் காணப்படவில்லை என்பதும் ஒரு தரவே.

சரணாலயப் பகுதிக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. மழைக்காலத்தில் சேற்றுப் பாதைகளில் செல்வது கடினம் என்பதால் உள்ளூர் வழிகாட்டியுடன் செல்வது பாதுகாப்பானது.

அச்சுறுத்தல்களும் பாதுகாப்பும்

வேதாரணியம் சதுப்பு நிலத்திற்கு நன்னீர் இருவழிகளில் வருகிறது: ஒன்று வடகிழக்குப் பருவமழை, மற்றொன்று மானங்கொண்டான் ஆறு போன்ற கடைமடை ஆறுகள் வழியாக வரும் காவிரிக் கழிமுக வடிநீர். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அணைகளும் பாசனத் தேவைகளும் பெருகப் பெருக, கடைமடையைத் தாண்டிச் சதுப்பு நிலத்தை அடையும் நீர் குறைந்தது. நன்னீர் குறைந்தால் உப்புத்தன்மை கூடும். சேற்றுப்புழுக்களும் சிறுமீன்களும் குறையும்.

வேதாரணியம் உப்புத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. 1930ஆம் ஆண்டில் இராசாசி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஊரும் இதுவே. உப்பளங்களைப் பறவைகளுக்கு முற்றிலும் பகை எனக் கூற இயலாது. முதல்நிலைப் பாத்திகளில் கடல்நீர் தேக்கப்படும்போது ஆலாக்களும் உள்ளான்களும் அங்கு மேய்கின்றன. உப்பு செறிந்த பாத்திகளில் வாழும் உவர்நீர் இறால் பூநாரைகளுக்கு இரையாகிறது. ஆனால் இயற்கையான சேற்றுநிலம் சுருங்கி, எங்கும் ஒரே வகையான மிகை உப்புநீர் பரவினால், பல இனங்கள் வாழ்ந்த இடத்தில் சில இனங்களே எஞ்சும்.

இவற்றோடு, சீமைக் கருவேல மரத்தின் பரவல், சட்டவிரோத வேட்டை ஆகியனவும் சிக்கல்களாக உள்ளன. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல், வலசைப் பருவத்தின் நடுவில் இப்பகுதியைத் தாக்கிக் காட்டின் பெருமரங்கள் பலவற்றை வீழ்த்தியது. மரங்கள் மீண்டும் வளரக்கூடியவை. சதுப்பு நிலத்தின் நன்னீர் வரத்து அவ்வாறு தானாக மீளாது. மழை பொய்த்த ஆண்டுகளில் கடைமடைக்கு அப்பாலும் நீர் செல்ல வழி விடப்பட வேண்டும். ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு குளிர்காலத் தொகையை மட்டுமே காட்டும். ஆகத்து முதல் நவம்பர் வரை வந்து கடந்து செல்பவற்றை அறியக் கூதிர்காலப் பதிவுகள் இன்றியமையாதவை. இப்பதிவுகளைப் பயிற்சி பெற்ற மாணவர்களும் தன்னார்வலர்களும் செய்யலாம்.

இவற்றையும் பார்க்க

* வலசை போதல்
* ராம்சர் உடன்படிக்கை
* முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள்
* சாலிம் அலி
* வேதாரணியம் உப்புச் சத்தியாகிரகம்